உள்ளிருந்து எழுதியவர்கள்: மனநோய், ஆட்டிசம் பற்றிய தன்வரலாறுகளும் தென்காசி வட்டாரமும்

மனநோயோடு வாழ்ந்த ஒருவர் தம் அனுபவத்தைத் தாமே எழுதும்போது, மருத்துவரின் நோய்க்குறிப்பில் இடம்பெறாத பலவும் வெளியே வருகின்றன. 'குரல்கள் கேட்பதாகச் சொல்கிறார், உறக்கம் குறைவு, பிறர்மீது சந்தேகம்' என்று குறிப்பேட்டில் ஒரு வரியில் அடங்கும் செய்தி, தன்வரலாற்றில் பாதி ஆயுளாக விரிகிறது. அந்தக் குரல் யாருடையது, முதலில் எப்போது வந்தது, அப்போது கடையை யார் பார்த்துக்கொண்டார்கள், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆயிற்று என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். ஆட்டிசம் நோயன்று, மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்துவிடும் வேறுபாடு. ஆனாலும் அதைப் பற்றிய தன்வரலாறுகளும் இதே பணியைச் செய்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பிடிவாதம் என்று பெயரிட்டது, உள்ளிருந்து பார்த்தால் மிக்ஸியின் இரைச்சலைத் தாங்க முடியாத காதின் தவிப்பாக இருக்கக்கூடும். இருவகை நூல்களையும் சேர்த்துப் பேச நியாயம் உண்டு. எழுதுபவரைப் பற்றிப் பிறர் ஏற்கெனவே ஒரு தீர்ப்பை எழுதிவைத்திருக்கிறார்கள். அதோடு மல்லுக்கட்டித்தான் அவர் தம் முதல் சொல்லைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

உலக அளவில் இவ்வகை எழுத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் நீதிபதியாக இருந்த டேனியல் பால் ஷ்ரேபர், மனநல விடுதியில் அடைபட்டிருந்தபோது எழுதிய நினைவுக்குறிப்புகள் 1903இல் வெளிவந்தன. ஷ்ரேபரை நேரில் சந்திக்காமலேயே, அந்நூலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 1911இல் ஃப்ராய்ட் ஓர் ஆய்வுரை எழுதினார். அமெரிக்காவில் கிளிஃபர்ட் பியர்ஸ், மருத்துவமனைகளில் தாம் பட்ட அடியையும் அவமானத்தையும் 1908இல் நூலாக்கினார். அந்நூலின் விளைவாக அந்நாட்டில் மனநலச் சீர்திருத்த இயக்கம் உருவாயிற்று. ஒருவரின் நூல் கோட்பாட்டுக்குச் சான்றாகப் பயன்பட்டது. மற்றவரின் நூல் சாட்சியமாக ஏற்கப்பட்டு நிலைமையை மாற்றியது. இவ்வகை நூலைக் கையிலெடுக்கும் எந்த வாசகருக்கும் இன்றும் இந்த இரண்டு வழிகளே முன்னால் இருக்கின்றன.

பிற்காலத்தில் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் துணிந்து எழுதினார்கள். நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் தமது மனச்சோர்வை 1990இல் நூலாக்கினார். உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் தமக்கு இருமுனைக் கோளாறு இருப்பதை 1995இல் வெளிப்படையாக எழுதினார். சட்டப் பேராசிரியர் எலின் சாக்ஸ் மனச்சிதைவோடு தாம் வாழ்ந்த வாழ்க்கையை 2007இல் எழுதினார். ஆட்டிசத்தைப் பொறுத்தவரை டெம்பிள் கிராண்டினின் முதல் நூல் 1986இலும், டோனா வில்லியம்ஸின் நூல் 1992இலும் வந்தன. இந்தியாவில் இந்தி நாடகாசிரியர் ஸ்வதேஷ் தீபக், நோயில் கழிந்த தம் ஆண்டுகளை 'மைனே மாண்டூ நஹீ(ம்) தேகா' என்ற பெயரில் 2003இல் வெளியிட்டார். 2006இல் வீட்டைவிட்டு நடக்கப் போனவர் திரும்பவில்லை. மனச்சிதைவோடு வாழும் ரேஷ்மா வள்ளியப்பனின் ஆங்கிலத் தன்வரலாறு 2015இல் வந்தது. மனநோயுற்றவர்களின் குடும்பத்தினர் எழுதிய கட்டுரைகளை ஜெர்ரி பின்டோ 2016இல் தொகுத்தார்.

குற்றாலமும் ஆய்க்குடியும்

தமிழ்நாட்டில் மனநோய் என்றதும் பேச்சில் முந்திக்கொண்டு வரும் ஊர்ப்பெயர்கள் கீழ்ப்பாக்கம், ஏர்வாடி, குற்றாலம். மூன்றையும் திரைப்பட நகைச்சுவை வசையாகவே ஆக்கிவிட்டது. கீழ்ப்பாக்கத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணம், 1794இல் சென்னையில் தொடங்கிய மனநலக் காப்பகம் பின்னர் அங்கே இடம்மாறியது. ஏர்வாடிக்கு, நோய் தீரும் என்று நம்பி மனநோயாளிகளை அழைத்துவரும் அங்குள்ள தர்கா காரணம். தென்காசிக்கு அருகிலுள்ள குற்றாலத்துக்கு அருவியே காரணம். பேரருவியின் கனத்த நீர் உச்சந்தலையில் விழுந்தால் சூடு தணியும், பித்தம் இறங்கும், கலங்கிய புத்தி தெளியும் என்ற நம்பிக்கை தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக உண்டு. உடலுக்கு எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்கும் வழக்கமும், சித்த மருத்துவம் சொல்லும் பித்தக் கணக்கும், திருக்குற்றாலநாதர் சந்நிதியும் ஒன்றுசேர்ந்து இந்த நம்பிக்கையைக் காத்துவந்திருக்கின்றன. ஆனி, ஆடியில் சாரல் பிடித்துவிட்டால் ஊரே கூட்டமாகிவிடும். அந்தக் கூட்டத்துக்குள் நோயுற்ற மகனையோ தங்கையையோ கையைப் பிடித்து அருவிக்கு அழைத்துவருகிற குடும்பங்களும் இருந்திருக்கின்றன.

இந்த நம்பிக்கையை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது சரியன்று. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரின் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 மனநோயாளிகளை நிமான்ஸ் மனநல நிறுவன மருத்துவர் ரகுராமும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். அவர்களின் கட்டுரை 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. அங்கே குறிப்பிட்ட சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. குடும்பத்தில் ஒருவர் உடனிருந்தார். நோயாளிகள் கோயிலின் சிறு வேலைகளைச் செய்தபடி சில வாரங்கள் தங்கினார்கள். அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அடிக்காத இடமும் உடனிருக்கும் உறவும் செய்யக்கூடிய நன்மை இது. மருந்தால் கிடைக்கும் பயனை அருவி நீர் தராது என்பதும் உண்மை. அருவிக்கரைவரை தோள்கொடுத்து அழைத்துவந்த உறவுக்கு மருத்துவ மதிப்பு உண்டு என்பதும் உண்மை.

உறவு விட்டுப்போன இடத்தில் நிகழ்ந்தது வேறு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியின் தனியார் விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டது. இத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. 2018 மே மாதம் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டங்களும் ஆணைகளும் பேசுகின்றன. அந்த விடுதியில் இருந்தவர்களின் சொந்தச் சொல்லாகத் தமிழ் வாசகர் கையில் ஒரு நூல் வந்து சேரவில்லை. ஏர்வாடியைப் பற்றிய நம் அறிவு முழுவதும் பிறர் சொல்லித் தெரிந்ததே. இது தமிழ் எழுத்துலகின் பெரிய குறை.

குற்றாலத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆய்க்குடியில் வேறொரு வரலாறு இருக்கிறது. பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து கழுத்தெலும்பில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு உலக ஊனமுற்றோர் ஆண்டு. தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் சேர்ந்தார். ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. உடல் ஊனத்தில் தொடங்கிய சங்கத்தின் பணி, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளை இளவயதிலேயே கண்டறிந்து பயிற்சி தருவதாக விரிந்தது. பணியாளர்கள் கிராமங்களுக்கு வீடுதேடிச் செல்கிறார்கள். தாய்க்குப் பயிற்சி தந்து, தாய் வழியாகக் குழந்தைக்குப் பயிற்சி தருகிறார்கள். ஊனத்தோடு வாழ்பவரே அதைப் பற்றிப் பேசவும் நிறுவனம் நடத்தவும் தகுதியானவர் என்பதைத் தென்காசி வட்டாரம் நாற்பதாண்டுகளாகக் கண்ணால் பார்த்துவருகிறது. மனநோய்க்கு அந்த உரிமை இன்னும் முழுதாக வழங்கப்படவில்லை.

நாவல் என்ற போர்வை

தமிழில் மனநோய்த் தன்வரலாறு இல்லை என்று சொல்வது பிழை. அது நாவல் என்ற பெயரில் வெளிவந்திருக்கிறது. கும்பகோணத்து எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் (1920–2000) எழுதிய 'காதுகள்' 1992இல் நூலாகி, 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதன் நாயகன் மகாலிங்கம் குடும்பஸ்தன், எழுத்தாளன், முருக பக்தன். ஒருநாள் அவன் காதுக்குள் ஓசைகள் எழுகின்றன. ஓசைகள் பேச்சாகின்றன, பேச்சு வசையாகவும் ஆபாசமாகவும் மாறுகிறது. தம்மைத் தெய்வமென்று சொல்லிக்கொள்ளும் குரல்கள் இரவு பகலாக அவனை ஆட்டிவைக்கின்றன. வெளியே குடும்பம் வறுமைக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. மகாலிங்கத்துக்கு நேர்ந்தது தமக்கே நேர்ந்ததுதான் என்பதை வெங்கட்ராம் மறைக்கவில்லை.

இந்நாவலின் மதிப்பு அதன் துல்லியத்தில் இருக்கிறது. குரல் கேட்பவர் குழம்பிப்போய்த் தன்னை இழந்துவிடுவார் என்பதே பொதுவான எண்ணம். மகாலிங்கம் அப்படியில்லை. குரல்களைக் கேட்டபடியே வீட்டுக்கு வந்தவரிடம் மரியாதையாகப் பேசுகிறான், கணக்குப் பார்க்கிறான், பிள்ளைகளுக்காகக் கவலைப்படுகிறான். தனக்குள் நடப்பதைத் தானே கவனித்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதி அவனிடம் கடைசிவரை விழித்திருக்கிறது. நோய்க்குள் இருக்கும் மனிதர் முழுவதும் நோயாகிவிடுவதில்லை என்பதை இவ்வளவு விரிவாகக் காட்டிய தமிழ் நூல் வேறில்லை. சரிந்துவரும் வீட்டில் மனைவி அன்றாடத்தைத் தாங்கி நிற்பதை மிகை இல்லாமல் எழுதியிருப்பதும் அதற்கு இணையான பலம்.

விமரிசகர்கள் இதை வெவ்வேறு விதமாக வாசித்திருக்கிறார்கள். ஆன்மிகச் சோதனை என்றார்கள், தாந்திரீக அனுபவம் என்றார்கள், மனச்சிதைவு என்றும் சொன்னார்கள். ஆசிரியர் நோயின் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. தீமைக்கும் நன்மைக்கும் நடக்கும் போராக அதை விளங்கிக்கொண்டார். வாசகர் இங்கே ஆசிரியரைத் திருத்த முயலக்கூடாது. அவருக்கு நேர்ந்ததற்கு அவர் தரும் விளக்கமும் அந்த அனுபவத்தின் ஒரு பகுதியே. அதேசமயம், அதே குரல்களைக் கேட்கும் இன்றைய இளைஞருக்கு மருந்து உண்டு, அது பெரும்பாலானோருக்குப் பயன்தருகிறது என்ற அறிவையும் வாசகர் கைவிடத் தேவையில்லை. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்திருக்க முடியும்.

பண்பாடு குரல்களின் தன்மையையே மாற்றுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. மானிடவியலாளர் டான்யா லூர்மன், சென்னையின் பத்மாவதி முதலியோருடன் சேர்ந்து அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இடத்துக்கு 20 பேராகக் குரல் கேட்பவர்களிடம் பேசினார். முடிவுகள் 2015இல் வெளியாயின. அமெரிக்கர்கள் பெரும்பாலும் வன்முறையான, அந்நியமான குரல்களைச் சொன்னார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள். அவை வீட்டு வேலையை ஏவின, திட்டின, புத்தி கூறின. சென்னை ஆய்வுக்குக் களமான ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. இந்த ஆய்வுக்குப் பிறகு 'காதுகள்' நாவலுக்குத் திரும்பும் வாசகர், முருகனும் வசைபாடும் தெய்வங்களும் ஏன் அதே காதில் குடியேறின என்பதைக் கூடுதல் தெளிவோடு புரிந்துகொள்வார். மேல்நாட்டுத் தன்வரலாறுகளை மட்டும் வாசித்து மனச்சிதைவை அறிய முயல்பவருக்கு இந்தப் பகுதி தெரியாமலே போய்விடும்.

மதுரையில் பிறந்த கோபிகிருஷ்ணன் (1945–2003) இரண்டு பக்கமும் நின்றவர். உளவியலும் சமூகப்பணியும் படித்து மனநல ஆலோசகராக வேலை பார்த்தார். தாமும் மனநலச் சிக்கலுக்கு மருந்து உட்கொண்டார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலில் மனநோயாளிகளின் பேச்சையும் வாழ்வையும் அலங்காரம் இல்லாமல் பதிவுசெய்தார். மருத்துவமனைக்குள் இருப்பவர்களைக் கண்டு பரிதாபப்படவும் இல்லை, அவர்களைப் புனிதர்களாக்கவும் இல்லை. அவர் பெயர் பரவலாக அறியப்படாதது தமிழ் வாசகர்களுக்கு இழப்பு.

நெல்லைச் சீமைக்கு நெருக்கமானவர் ஜெ. பிரான்சிஸ் கிருபா. நாங்குநேரி வட்டாரத்தில் பிறந்து, சென்னைத் தெருக்களில் அலைந்து, நோயோடு போராடி 2021இல் மறைந்தார். மனம் பிறழ்ந்த இளைஞனைப் பற்றிய அவரது 'கன்னி' நாவலில், பித்து உள்ளேயிருந்து கவிதை மொழியில் சொல்லப்படுகிறது. 33ஆம் வயதில் மறைந்த ஆத்மாநாமின் (1951–1984) கவிதைகளை அவரது நோயின் அறிகுறிகளாக மட்டும் வாசிப்பவர்களும் உண்டு. அது ஃப்ராய்ட் ஷ்ரேபரை வாசித்த முறைதான். சமூக அக்கறையும் நிதானமும் நிறைந்த கவிதைகளை அவர் எழுதியிருப்பதை அந்த வாசிப்பு கண்டுகொள்வதில்லை.

தாயின் எழுத்து, பிள்ளையின் எழுத்து

ஆட்டிசம் பற்றிய எழுத்தில் தாய்மார்களின் பங்கு தனித்தது. லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த பிறகு, தாயின் அன்பின்மையே காரணம் என்ற கொடிய கருத்து அமெரிக்காவில் வேரூன்றியது. அதைப் பரப்பிய புரூனோ பெட்டல்ஹைமின் புகழ்பெற்ற நூல் 1967இல் வந்தது. அதே ஆண்டில் கிளாரா கிளேபோர்ன் பார்க் என்ற தாய், தம் மகளை வளர்த்த அனுபவத்தை நூலாக்கினார். நாள்தோறும் தரையில் உட்கார்ந்து மகளோடு விளையாட முயன்ற ஒரு பெண்ணின் பொறுமையான பதிவுக்கு முன்னால் அந்தக் கோட்பாடு நிற்கவில்லை. பிறகு மரபணு ஆய்வுகள் அதை முற்றாகத் தகர்த்தன. நம் ஊரில் அதே பழி வேறு உருவத்தில் வருகிறது. கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடவில்லை, வேலைக்குப் போய்விட்டாள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள், டிவி முன்னால் உட்கார வைத்தாள் என்று எதையாவது சொல்லித் தாயையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவார்கள்.

இந்தப் பின்னணியில் லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் 'எழுதாப் பயணம்' தமிழுக்கு வந்த முக்கியமான நூல். ஆட்டிசமுள்ள மகனை வளர்க்கும் தாய், தம் குடும்பம் கடந்துவந்த வழியைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். அவர் கணவர் யெஸ். பாலபாரதி, 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற அறிமுக நூலையும், ஆட்டிசமுள்ள சிறுவனை நாயகனாகக் கொண்ட 'துலக்கம்' நாவலையும் எழுதியவர். ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் இருக்கும்போது இவை எதற்கு என்ற கேள்விக்கு விடை எளிது. எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும், உறவினர் திருமணத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போவதா வேண்டாமா, பேருந்தில் முறைப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பனவற்றை அமெரிக்கத் தாய் எழுதியிருக்க முடியாது. செங்கோட்டையிலோ கடையநல்லூரிலோ பிள்ளைக்கு இப்போதுதான் ஆட்டிசம் என்று கேள்விப்பட்ட ஒரு தாய், மருத்துவரைப் பார்த்துத் திரும்பிய அன்றிரவு வாசிக்கக்கூடிய நூல் இவ்வகையானதுதான்.

ஆட்டிசமுள்ளவரே எழுதிய நூல்களில் இந்தியாவுக்குத் தனிப் பெருமை உண்டு. டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் பேச்சு வராத சிறுவன். தாய் சோமா அவனுக்கு எழுத்துப் பலகையைச் சுட்டிக்காட்டவும், பிறகு கையால் எழுதவும் கற்றுக்கொடுத்தார். மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த அவனது எழுத்துகள் 2000இல் பிரிட்டனில் நூலாயின. பேசாதவருக்கு உள்ளே ஒன்றுமில்லை என்ற எண்ணத்தை அந்நூல் உடைத்தது. ஜப்பானில் நவோகி ஹிகாஷிடா 13 வயதில் எழுதிய நூல் 2007இல் வெளிவந்து, 2013இல் ஆங்கிலத்துக்குப் போய் உலகெங்கும் பரவியது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிறர் கைபிடித்தோ பலகையைத் தாங்கிப் பிடித்தோ எழுதவைக்கும் முறைகளில், உண்மையில் எழுதுவது யார் என்ற கேள்வி நிபுணர்களிடையே எழுந்திருக்கிறது. சோமா பின்னாளில் அமெரிக்காவில் பரப்பிய பயிற்சி முறைக்குப் போதிய சான்று இல்லை என்று அந்நாட்டின் பேச்சு, செவித்திறன் நிபுணர்களின் சங்கம் 2018இல் அறிவித்தது. ஹிகாஷிடாவின் நூல் குறித்தும் ஐயங்கள் எழுப்பப்பட்டன. டிட்டோ தாமே பென்சில் பிடித்து எழுதுபவர் என்பதால் அவர் நிலை மாறுபட்டது. இந்த விவாதம் தெரியாமல் இந்நூல்களை வாசிக்கும் பெற்றோர், தம் பிள்ளையும் ஒருநாள் கவிதை எழுதிவிடும் என்று நம்பிப் பெரும் பணத்தையும் பிள்ளையின் பயிற்சிக்குரிய நல்ல ஆண்டுகளையும் இழக்கக்கூடும்.

வாசிக்கும் முறை

தன்வரலாறு ஒருவரின் கதை. அதை எழுதி முடிக்கும் அளவுக்குத் தெளிவும் கல்வியும் ஓய்வும் கிடைத்தவரின் கதை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சட்டப் பேராசிரியர் எழுதுகிறார், நாவலாசிரியர் எழுதுகிறார். தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்த பெண் எழுதவில்லை. ஆட்டிச நூல்களை வாசித்துவிட்டு எல்லாக் குழந்தைக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருப்பதாக எதிர்பார்ப்பது, அந்த மேதைமை இல்லாத குழந்தைக்குச் செய்யும் அநீதி. உடுத்தவும் உண்ணவும் வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் மதிப்பு அவர்கள் எழுதும் கவிதையைப் பொறுத்ததன்று.

மருந்து பற்றி இந்நூல்கள் சொல்வதில் கூடுதல் கவனம் வேண்டும். எலின் சாக்ஸ் மருந்தை விட்டுவிடப் பலமுறை முயன்று, ஒவ்வொரு முறையும் சரிந்து, கடைசியில் அதை ஏற்றுக்கொண்டார். ரேஷ்மா வள்ளியப்பன் மருந்தில்லாத வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டார். இருவரும் தத்தம் உண்மையையே எழுதியிருக்கிறார்கள். இரண்டில் எதையும் இன்னொருவர் தமக்கான மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. வாசிக்கும்போதே மனம் பாரமாகிறவர்கள், மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தார் எழுதும் நூல்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. தாய் எழுதுகிறார்; எழுதப்படுவது பிள்ளையின் கழிப்பறைப் பழக்கமும் அழுகையும் அடியும். பிள்ளை பெரியவனாகி அதை வாசிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எழுதும்போதே யோசிக்க வேண்டும். தென்காசி போன்ற ஊரில் தெரு முழுவதும் ஒருவரையொருவர் தெரியும். சாதியும் உறவும் பின்னிய அந்தச் சூழலில் 'அந்த வீட்டில் சீக்கு இருக்கு' என்ற ஒரு பேச்சு, தங்கையின் திருமணப் பேச்சையே நிறுத்திவிடக்கூடும். வெங்கட்ராமும் கிருபாவும் நாவலைத் தேர்ந்துகொண்டதைக் கோழைத்தனமாக எண்ணக்கூடாது. பெயரை மாற்றிக்கொண்டு உண்மையைச் சொல்ல நாவல் இடம் கொடுத்தது.

வாசிப்பு மனப்பான்மையை மாற்றுமா என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. பேட்ரிக் காரிகனும் உடனாய்வாளர்களும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். வளர்ந்தவர்களிடம் மனநோய் பற்றிய தப்பெண்ணத்தைக் குறைப்பதில், தகவல் சொல்லும் பாடங்களைவிட, நோயோடு வாழ்பவரை நேரில் சந்திப்பதே கூடுதல் பலன் தந்தது. வளரிளம் பருவத்தினரிடம் பாடம் கூடுதல் பலன் தந்தது. தன்வரலாறு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நேர்ச்சந்திப்பின் வலிமை அதற்கு முழுதாக இல்லை. ஆனால் சந்திக்கவே வாய்ப்பில்லாத ஒருவரோடு நூறு பக்கம் தொடர்ந்து இருக்கவைக்க அதனால் முடிகிறது. பள்ளி ஆசிரியர்களும் காவலர்களும் இந்நூல்களை வாசிக்க வேண்டியதற்கு இதுவே போதுமான காரணம்.

தென்காசி செய்யக்கூடியது

கூடி வாசிப்பது இந்த வட்டாரத்துக்குப் பழகிய செயல். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தினார். பிறகு குற்றாலத்தில் குடியேறி, வந்தவர்களுக்கெல்லாம் கம்பனை வாய்விட்டுப் படித்துக்காட்டி ரசிக்கவைத்தார். தென்காசித் திருவள்ளுவர் கழகம் 1927 முதல் குறளைப் பேசிவருகிறது. கவிஞர் கலாப்ரியா குற்றாலத்தில் நடத்திய கவிதைக் கூடல்களில் நவீனக் கவிதை விவாதிக்கப்பட்டது. செய்யுளைக் கூட்டத்தில் வாசித்துப் பொருள் கண்ட ஊர், 'காதுகள்' நாவலையும் 'எழுதாப் பயண'த்தையும் அவ்வாறு வாசிக்க முடியும். ஒரு மனநல மருத்துவரும், நோயிலிருந்து மீண்ட ஒருவரும், ஒரு தாயும் உடனிருந்தால் அந்த வாசிப்பு காரிகன் சொன்ன நேர்ச்சந்திப்பாகவும் ஆகிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி இந்த மாவட்டத்து மக்கள் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் இரண்டு காரியங்களைத் தொடங்கலாம். வெங்கட்ராம், கோபிகிருஷ்ணன், கிருபா, லக்ஷ்மி பாலகிருஷ்ணன், பாலபாரதி ஆகியோரின் நூல்களை ஊர்ப்புற நூலகம்வரை வாங்கி வைக்கலாம். அருவிக்கும் தர்காவுக்கும் மருத்துவமனைக்கும் பிள்ளையை அழைத்துக்கொண்டு அலைந்தவர்களும் ஆய்க்குடிக்குப் பயிற்சிக்கு வரும் தாய்மார்களும் சொல்வதை, அவர்களின் ஒப்புதலோடு, பெயர் மாற்றி, அவர்கள் பேச்சிலேயே பதிவுசெய்து அச்சிடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் கதையைச் சொல்வார். கேட்டு எழுத ஒருவர் இருந்தால் போதும். அந்த வேலைக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுவும் வட்டாரத்துக் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளும் முன்வர வேண்டும்.